கிராந்த் தாம்: வீட்டை ஆண்டவளின் சொல்

பாரிஸில் உறவினர் இருக்கும் வாசகிகளுக்கு 'மதாம்' என்ற சொல் புதிதாக இராது. தொலைபேசியில் பேசும்போது "எங்கட கடைக்கு வாற மதாம்", "மேல்வீட்டில இருக்கிற வயசுபோன மதாம்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எமது கந்தோர்களில் மேசைக்கு அப்பால் இருக்கும் பெண் உத்தியோகத்தரை 'மேடம்' என்கிறோமே, அதுவும் இதே சொல்தான். பிரான்சில் புறப்பட்டு இங்கிலாந்து வழியாக எம்மிடம் வந்து சேர்ந்தது. அந்தச் சொல்லுக்கு ஒரு மூத்த சகோதரி உண்டு. அவள் பெயர் 'கிராந்த் தாம்'. ஆங்கிலப் பத்திரிகைகளும் இதனை அப்படியே எடுத்து எழுதுகின்றன. ஆங்கிலம் வழியாகக் கேட்டவர்கள் 'கிரான்ட் டாம்' என்பார்கள். இம்மாதம் அவளைப் பற்றியே எழுதுகிறேன்.

'கிராந்த்' என்றால் பெரிய. 'தாம்' என்றால் சீமாட்டி, அம்மணி, தலைவி. சேர்த்துச் சொன்னால் பெரிய அம்மணி. வயதிலும் அனுபவத்திலும் முதிர்ந்து, தனது துறையிலோ ஊரிலோ எல்லோராலும் மதிக்கப்படுகிற பெண்ணை இப்படிச் சொல்வார்கள். நாடகத்துறையின் கிராந்த் தாம், அரசியலின் கிராந்த் தாம் என்று எழுதுவார்கள். முற்காலத்தில் உயர்குடியில் பிறந்த பெண்ணுக்கே இது உரியதாக இருந்தது. பிறப்பால் வந்த பட்டம் பிற்காலத்தில் வாழ்ந்த வாழ்வுக்கான பட்டமாக மாறியது.

இங்கே ஒரு சிறு இலக்கண வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சில் பெண்பாலுக்கு 'கிராந்த்', ஆண்பாலுக்கு 'கிராந்'. ஆனால் அம்மம்மாவையும் அப்பம்மாவையும் அவர்கள் 'கிராந் மேர்' என்கிறார்கள். நேர்ப்பொருள் 'பெரிய தாய்'. தாய்க்கு முன்னால் ஏன் ஆண்பால் வடிவம்? இலத்தீன் மொழியில் 'பெரிய' என்ற சொல்லுக்கு ஆண், பெண் வேறுபாடு இருக்கவில்லை. பழைய பிரெஞ்சிலும் அப்படியே இருந்தது. பிறகு இலக்கணம் மாறியது, பாட்டி மட்டும் மாறவில்லை. நாமும் பெரிய தாயைப் 'பெரியம்மா' என்கிறோம். எமக்கு அவர் தாயின் தமக்கை, அவர்களுக்குத் தாயின் தாய்.

இனி 'தாம்' என்ற சொல்லுக்கு வருவோம். விடயம் இருப்பது இதற்குள்தான்.

இலத்தீனில் 'தோமுஸ்' என்றால் வீடு. வீட்டை ஆள்பவன் 'தோமினுஸ்', வீட்டை ஆள்பவள் 'தோமினா'. இந்தத் தோமினாதான் நாக்கில் தேய்ந்து தேய்ந்து 'தாம்' ஆனாள். 'மதாம்' என்றால் 'என் தலைவியே'. பாரிஸின் பெரிய தேவாலயமான 'நோத்ர தாம்' என்பதன் பொருள் 'எங்கள் அன்னை', அதாவது மாதா. 2019 ஏப்ரலில் தீப்பிடித்து எரிந்து, 2024 டிசெம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது அந்த ஆலயம். சதுரங்கத்தில் நாம் ராணி என்று சொல்லும் காயையும் பிரெஞ்சுக்காரர் 'தாம்' என்றே சொல்கிறார்கள். இதே தோமினா போர்த்துக்கேய மொழியில் 'தோனா' ஆகி எமது தீவுக்கும் கப்பலேறி வந்தாள். கண்டி இராச்சியத்தின் குசுமாசன தேவிக்குப் போர்த்துக்கேயர் இட்ட ஞானஸ்நானப் பெயர் தோனா கதரீனா என்று பாடசாலைச் சரித்திரத்தில் படித்திருப்போம். சிங்களக் குடும்பங்களில் பெண்களின் பெயருக்கு முன்னால் 'தோனா' என்று இன்றும் எழுதுகிறார்களே, அதுவும் இதுவே.

ஆண்களுக்கான மரியாதைச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். பிரெஞ்சின் 'மெசியே', ஆங்கிலத்தின் 'சேர்', ஸ்பானியரின் 'செஞோர்' எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. இலத்தீனின் 'செனியோர்', அதாவது 'மூத்தவர்'. ஆணுக்கு வயதினால் மரியாதை, பெண்ணுக்கு வீட்டினால் மரியாதை. ஆண் வெறுமனே வாழ்ந்து வயதானாலே போதும். பெண்ணுக்கு ஆள்வதற்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டை யாரும் திட்டமிட்டு உண்டாக்கியிருக்க மாட்டார்கள். ஆனாலும் சொற்கள் இப்படித்தான் ஒரு சமூகத்தின் இரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

தமிழிலும் 'இல்லாள்' இல்லத்தால் வந்தவள், 'மனைவி' மனையால் வந்தவள். தோமினாவின் தங்கைகள் என்றே சொல்லலாம். ஆனால் கணவன் இறந்தவுடன் எம்மவர் வாயில் அவள் மனைவி என்பதை இழந்துவிடுகிறாள். வீடு அப்படியே இருக்கிறது, அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், அவளே எல்லாவற்றையும் நடத்துகிறாள். சொல் மட்டும் மாறிவிடுகிறது. மாறி வருகிற சொற்களை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. உங்களுக்குத் தெரியும். பிரதேச செயலகத்துப் படிவங்களில் மட்டும் வேறொரு சொல் இருக்கிறது: 'பெண் தலைமைத்துவக் குடும்பம்'. கேட்பதற்கு வரண்ட சொல். நிவாரணப் பட்டியலின் வாசம் அதில் வீசுகிறது. ஆனால் அதன் பொருளை எடுத்துப் பார்த்தால் வீட்டை ஆள்பவள், தோமினா.

மதிப்பான சொல்லாகவே அது எப்போதும் இருந்தது என்றும் எண்ணிவிட வேண்டாம். பிரெஞ்சில் 'கிராந்த் தாம் போடுகிறாள்' என்கிற பாணியில் ஒரு வழக்கு உண்டு. தகுதிக்கு மீறிப் பகட்டுக் காட்டுகிறாள் என்பது கருத்து. எம்மூரில் வாய் நீளமான சிறுமியைப் "பெரிய மனுசி மாதிரிக் கதைக்கிறாள்" என்று அதட்டுவதைப் போன்றது. ஆங்கிலத்தில் நிலைமை இன்னும் மோசம். 'டேம்' என்பது ஒருபுறம் 1917 முதல் பிரித்தானிய அரசு பெண்களுக்கு வழங்கும் உயர்ந்த கௌரவப் பட்டம். மறுபுறம் அமெரிக்கக் கொச்சை வழக்கில் ஏதோ ஒரு பொம்பிளை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. 'மேடம்' விபசார விடுதி நடத்துபவளுக்கும் பெயராயிற்று. 'சேர்' என்ற சொல்லுக்கு அப்படி எந்தச் சரிவும் நேரவில்லை.

கிராந்த் தாமுக்குப் பக்கத்திலேயே வயதான பெண்ணுக்கு இன்னொரு பிரெஞ்சுச் சொல்லும் இருக்கிறது. 'துவேரியேர்' என்பார்கள். ஆங்கிலத்தில் 'டவஜர்'. செல்வமும் செல்வாக்கும் உள்ள உயர்குடி விதவை. இந்தச் சொல்லின் அடியில் கிடப்பது 'துவேர்', அதாவது கணவன் இறந்தபின் அவன் சொத்திலிருந்து விதவையின் சீவனத்துக்கு ஒதுக்கப்படும் பங்கு. சீதனம் பெண் கொண்டுபோவது. இது அவளுக்குத் திரும்பக் கிடைப்பது. இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் கணவனுடைய காணியின் 3இல் 1 பங்கை அவள் உயிருள்ளவரை அனுபவிக்கலாம் என்றிருந்தது. 1215ஆம் ஆண்டு ஜோன் மன்னன் முத்திரையிட்ட மகா பட்டயத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அரசனின் அதிகாரத்துக்குக் கட்டுப்போட்ட பத்திரம் என்றே எமக்குச் சொல்லித்தந்தார்கள். அதிலே விதவைகளுக்காக இரண்டு பிரிவுகள் இருப்பதை யாரும் சொல்லித்தரவில்லை. கணவன் இறந்ததும் விதவைக்கு அவளது சீதனமும் முதுசமும் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். அதற்காக அவளிடம் எதுவும் அறவிடக் கூடாது. இறந்த நாளிலிருந்து 40 நாட்கள் அவள் கணவனின் வீட்டில் இருக்கலாம், அதற்குள் அவளுடைய பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. அவள் விரும்பாவிடில் மறுமணம் செய்யுமாறு யாரும் அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 8ஆம் பிரிவு. 800 ஆண்டுகளுக்கு முந்திய பத்திரம் இது. உயர்குடிப் பெண்களை மனதில் வைத்து எழுதப்பட்டது உண்மைதான். இருந்தாலும் அந்த 40 நாள் கணக்கை வாசித்தபோது, செத்தவீடு முடிந்து எட்டுச் செலவு கழியுமுன்பே காணி உறுதி எங்கே என்று கேட்கப்பட்ட பெண்கள் என் நினைவுக்கு வந்தார்கள்.

பிரான்சின் சட்டம் வேறு வழியில் போயிற்று. 1789இல் புரட்சி வந்தது, சமத்துவம் பேசப்பட்டது. 1804இல் நெப்போலியனின் சிவில் சட்டக்கோவை வந்தது. அதன் 213ஆம் பிரிவு மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. கணவனின் அனுமதியில்லாமல் அவள் வழக்காட முடியாது, காணி விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது. விதவைக்குக் கணவனின் சொத்தில் வாரிசுரிமையும் இல்லாத மாதிரித்தான். கணவனுக்கு எட்டாத தூரத்து உறவினன் ஒருவன் இருந்தாலும் அவனுக்கே முதலிடம். திருமண காலத்தில் இருவருமாகத் தேடிய சொத்தில் பாதி மட்டும் பெரும்பாலும் அவளுக்கு வந்தது. எமது தேடியதேட்டத்தை ஒத்த ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தச் சட்டக்கோவையில் ஒரு விசித்திரம் இருந்தது. கீழ்ப்படிய வேண்டியவள் மனைவி. கணவன் இல்லாதவளுக்குக் கீழ்ப்படிய ஆளில்லை. ஆகவே விதவை தன் பெயரில் கையெழுத்திடலாம், கணக்கு வைக்கலாம், கடை நடத்தலாம், வழக்குப் பேசலாம். கணவன் உயிரோடிருந்தவரை சிறுபிள்ளையாகக் கணக்கிடப்பட்ட பெண், அவன் கண்ணை மூடிய மறுநாள் முழு மனுசியானாள். பிரான்சின் மிகப் புகழ்பெற்ற கிராந்த் தாம்களில் ஒருவர் இந்த வாசலாலேதான் உள்ளே வந்தார்.

பார்ப் நிக்கோல் பொன்சார்தென் 1777 டிசெம்பரில் றைம்ஸ் நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் துணி வியாபாரி, வசதியான குடும்பம். 1798இல் பிரான்சுவா கிளிக்கோவை மணந்தார். ஒரே பெண்பிள்ளை. 1805 ஒக்ரோபரில் கணவன் இறந்தபோது இவருக்கு வயது 27. கணவன் வீட்டுக்குக் கம்பளி வியாபாரமும் சிறிதளவு சாம்பேன் வியாபாரமும் இருந்தன. மகனைப் பறிகொடுத்த மாமனார் எல்லாவற்றையும் மூடிவிட எண்ணினார். மருமகள் மறித்தார். தானே நடத்துவதாகச் சொன்னார். மாமனாரும் இசைந்தார், ஆனால் தொழில் தெரிந்த ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. 4 ஆண்டுகள் அப்படி நடந்தது. 1810இல் கூட்டாளி விலகியதும் தன் பெயரிலேயே தொடங்கினார்.

மது வியாபாரத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். குடி எமது வீடுகளுக்குச் செய்ததை நான் அறியாதவள் அல்லள். இங்கே நான் பார்ப்பது போத்தலையன்று, அந்தப் பெண்ணின் கணக்குப் புத்தகத்தை. போத்தலின் மேல் ஒட்டிய பெயரையும் பார்க்க வேண்டும். 'வேவ் கிளிக்கோ' என்று எழுதினார். 'வேவ்' என்றால் விதவை. 'விதவை கிளிக்கோ' என்று ஒரு வியாபாரப் பெயர்! எமது ஊரில் ஒரு பெண் மிளகாய்த்தூள் பைக்கற்றில் இப்படி ஒரு பெயரை அச்சடித்தால் அமங்கலம் என்று தொடமாட்டார்கள். அங்கே அது வேறு செய்தியைச் சொன்னது. இந்தக் கடைக்குச் சொந்தக்காரி இவளே, கையெழுத்தும் இவளுடையதே, பணம் தரவேண்டியதும் இவளிடமே.

நல்ல காலத்தில் அவர் தொடங்கவில்லை. ஐரோப்பா முழுவதும் நெப்போலியனின் யுத்தம். துறைமுகங்கள் மூடிக்கிடந்தன, கப்பல்கள் ஓடவில்லை, செய்த பொருள் தேங்கியது. 1814இன் தொடக்கத்தில் ரஷ்யப் படைகள் றைம்ஸ் நகருக்குள்ளேயே வந்துவிட்டன. நெப்போலியன் வீழ்ந்தவுடன், மற்ற வியாபாரிகள் நிலைமை சீராகட்டும் என்று காத்திருக்க, இவர் 10,550 போத்தல்களை ஒரு கப்பலில் ஏற்றி ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டார். போட்டியாளர்களின் சரக்குப் போய்ச் சேருமுன் இவருடையது விற்றுத் தீர்ந்தது. அன்றிலிருந்து நிமிர்ந்தார்.

இன்னொரு சங்கதி அடுப்படி அறிவு சம்பந்தமானது. சாம்பேன் போத்தலுக்குள்ளேயே நொதிப்பதால் அடியில் மண்டி தங்கிக் கலங்கலாகிவிடும். போத்தலுக்குப் போத்தல் மாற்றினால் நுரையும் போய்விடும், பொருளும் வீண். அவர் ஒரு மேசையில் வரிசையாகத் துளைகள் இடுவித்துப் போத்தல்களைத் தலைகீழாகச் செருகினார். நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பிவிட, மண்டி முழுவதும் கழுத்துக்கு இறங்கி மூடியின்மேல் தங்கியது. மூடியைத் திறந்ததும் மண்டி மட்டும் வெளியே பாய்ந்தது. 1816ஆம் ஆண்டளவில் தொடங்கிய இந்த முறையைப் பின்னர் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுமணம் செய்யாமலே, 1866இல் தனது 88ஆவது வயதில் அவர் காலமானார். அதற்கு முன்பே 'ஷாம்பாஞ் நாட்டின் கிராந்த் தாம்' என்று பெயர் வாங்கியிருந்தார். அந்த நிறுவனம் பிற்காலத்தில் தனது விலையுயர்ந்த சரக்குக்கே 'லா கிராந்த் தாம்' என்று பெயர் வைத்து விற்கிறது. அவர் வழியில் விதவைகளான வேறு பெண்களும் அந்த மாகாணத்தில் பெரிய வியாபாரங்களை நடத்தினார்கள். 1858இல் கணவனை இழந்த லூயிஸ் பொம்மெரி, 1941இல் கணவனை இழந்த லிலி பொலாஞ்சே ஆகியோர் அவர்களில் இருவர்.

அவரைக் கோயிலில் வைத்துக் கும்பிட வேண்டியதில்லை. பின்னால் பணமுள்ள தகப்பன் இருந்தார், நம்பிக்கை வைத்த மாமனார் இருந்தார். தையல் மெசின் ஒன்றுக்காகச் சங்கக் கடனுக்கு அலையும் பெண்ணின் நிலைமை அதுவல்ல. தன் மகளுக்கு அவர் தொழிலைக் கற்றுக்கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்னும் பெரிய குறையாகத் தெரிகிறது. மகளை ஒரு பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தார், வியாபாரத்தைத் தன்னிடம் வேலை செய்த ஓர் ஆணிடம் ஒப்படைத்தார். தான் நுழைந்த கதவை அவர் மகளுக்குத் திறந்துவிடவில்லை.

கணவன் உள்ள பெண்களுக்கு அந்தக் கதவு மெதுவாகவே திறந்தது. 1965 யூலை 13ஆம் திகதிச் சட்டம் வந்த பிறகுதான் பிரான்சில் மணமான ஒரு பெண் கணவனின் சம்மதமின்றித் தொழில் பார்க்கவும், தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் முடிந்தது. 1965! எம்மில் மூத்த வாசகிகள் அப்போது பிறந்துவிட்டார்கள். எம்மைப் பார்த்து அவர்கள் முன்னேறியவர்கள் என்று சொல்லும்போது இதையும் ஞாபகம் வைத்திருக்கலாம். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் தமிழரின் திருமணச் சொத்துரிமை பற்றி இங்கே இயற்றப்பட்ட கட்டளைச் சட்டமும், மனைவி தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றே விதித்தது. சம்மதம் பெற இயலாவிட்டால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். காணாமற்போன கணவனிடம் எங்கே போய்க் கையெழுத்து வாங்குவது என்ற கேள்வியோடு அந்தப் படிகளில் ஏறிய சகோதரிகளுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

காணாமற்போனவர்கள் என்று எழுதும்போது எனக்கு இன்னொரு கிராந்த் தாம் நினைவுக்கு வருகிறார். இவரைப் பற்றி எழுதத்தான் இந்தச் சொல்லையே எடுத்தேன் என்றும் சொல்லலாம்.

சிமோன் வேய். 1927 யூலையில் நீஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. தாய் இரசாயனம் படித்தவர், கணவன் விரும்பாததால் படிப்பை விட்டவர். பெண்பிள்ளைகள் கட்டாயம் ஒரு தொழில் கற்றுச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாராம். 1944 மார்ச் மாதம் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு நாசிகள் சிமோனைப் பிடித்தார்கள். வயது 16. தாயோடும் தமக்கை ஒருவரோடும் ஓஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இறங்கியவுடன் அங்கிருந்த கைதி ஒருவர் காதோடு காதாகச் சொன்னார், வயது 18 என்று சொல் என்று. அந்தப் பொய்தான் உயிரைக் காத்தது. கையில் 78651 என்ற இலக்கம் பச்சை குத்தப்பட்டது. 1945 மார்ச்சில், விடுதலைக்குச் சில வாரங்களே இருக்கையில், பேர்கன் பெல்சன் முகாமில் காய்ச்சல் கண்டு தாய் இறந்தார்.

தகப்பனும் ஒரே சகோதரனும் 1944 மே மாதம் 15ஆம் திகதி வேறொரு ரயிலில் ஏற்றப்பட்டார்கள். 878 ஆண்களோடு பால்டிக் கடற்கரை நாடுகளை நோக்கிப் போன ரயில் அது. அந்த இருவரும் திரும்பி வரவில்லை. எந்த இடத்தில், எந்த நாளில், எப்படி என்பது குடும்பத்துக்கு ஒருபோதும் தெரியவில்லை. நாட்டின் அமைச்சரான பிறகும், ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் தலைவியான பிறகும், அந்த வீட்டில் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது.

திரும்பி வந்தவர்களின் பேச்சைக் கேட்க அன்றைய பிரான்சில் யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின் ஒரு விருந்தில், அதிகாரி ஒருவர் சிமோனின் கையிலிருந்த இலக்கத்தைக் காட்டி, மேலங்கி கொடுத்து வைக்கும் இடத்தின் துண்டு இலக்கமா என்று சிரித்துக்கொண்டு கேட்டாராம். அதன் பிறகு நெடுங்காலம் நீண்ட கைச்சட்டையே அணிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இதை வாசித்தபின் நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காயத்தழும்பை மறைக்கச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வருகிற பெண்கள் எம்மிடையே இல்லையா?

சட்டம் படித்தார். வழக்கறிஞராக விரும்பினார், கணவன் ஒப்பவில்லை. விடவில்லை, 1956இல் நீதிச் சேவைக்குள் போனார். சிறைச்சாலை நிர்வாகத்தில் இருந்துகொண்டு பெண் கைதிகளின் நிலைமையைத் திருத்த முயன்றார். அல்ஜீரிய யுத்தக் காலத்தில் பிடிபட்ட பெண்களும் அவர்களுள் அடக்கம். 1974இல் சுகாதார அமைச்சரானார். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் சட்டமூலத்தை அவர்தான் ஆண்கள் நிறைந்த சபையில் முன்வைத்தார். அந்தச் சட்டத்தைப் பற்றி வாசகிகளிடையே பல அபிப்பிராயங்கள் இருக்கும், இங்கே விவாதிக்கப் போவதில்லை. ஆனால் அந்த விவாதத்தில் ஓர் உறுப்பினர் நாசிகளின் எரியுலைகளை இழுத்துப் பேசினார். யாருக்கு முன்னால் என்று பாருங்கள். அவர் கடைசிவரை நின்று பேசி முடித்தார், சட்டம் நிறைவேறியது. 1979இல் மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்த முதல் ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் தலைவியானார். அந்தப் பாராளுமன்றத்தில் ஜெர்மனியரும் இருந்தார்கள்.

2017 யூன் 30ஆம் திகதி 89 வயதில் அவர் காலமானபோது அவரை அடைமொழியிட்டு அழைக்கப் பத்திரிகைகளுக்குக் கிடைத்த சொல் கிராந்த் தாம்.

பொருத்தமான சொல்தான். ஆனாலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஓர் ஆண் சாதித்தால் பிரெஞ்சில் அவனைக் 'கிராந் ஓம்' என்பார்கள், பெரிய மனிதன். அதே அளவில் ஒரு பெண்ணைக் 'கிராந்த் ஃபாம்', பெரிய பெண் என்று சொல்லும் வழக்கம் நிலைக்கவில்லை. அவளை மனிதப் பிறவி என்ற நிலையில் பெரியவள் என்னாமல், சீமாட்டி என்ற நிலையில் பெரியவள் என்கிறார்கள். மறுபடியும் வீடுதான். பாரிஸில் பான்தியோன் என்று ஒரு மண்டபம் உண்டு. நாடு போற்றுவோரை அங்கே அடக்கம் செய்வார்கள். அதன் வாசலின் மேல் 'பெரிய மனிதர்களுக்கு நன்றியுள்ள தாய்நாடு' என்று பொறித்திருக்கிறது. அங்கே எழுதியுள்ள சொல் ஆண்களையே குறிக்கும். முதன்முதலாக அங்கே இடம்பெற்ற பெண் சோஃபி பெர்த்தலோ, 1907இல். இரசாயன விஞ்ஞானியான கணவனோடு சேர்த்து, மனைவி என்ற முறையில் வைத்தார்கள். தன் சொந்தத் தகுதியால் ஒரு பெண் அங்கே போக 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் மேரி கியூரி. 2018 யூலை முதலாந் திகதி சிமோன் வேய் அங்கே கொண்டுசெல்லப்பட்டார். இம்முறை கணவன் அன்ரோன் வேய் மனைவியோடு கூடப் போனார், கணவன் என்ற முறையில்.

வாசலில் உள்ள எழுத்தை அவர்கள் இன்னும் மாற்றவில்லை. படிவத்தை மட்டும் மாற்றினார்கள். 'மதாம்' மணமானவளுக்கு, 'மத்முவாசெல்' மணமாகாதவளுக்கு என்று இருந்தது, எமது திருமதி, செல்வியைப் போல. ஆணுக்கு எப்போதும் ஒரே 'மெசியே'. 2012 பெப்ரவரியில் பிரெஞ்சு அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அரச படிவங்களில் இனி 'மத்முவாசெல்' வேண்டாம், வயதுவந்த பெண் எவரும் 'மதாம்'. மணமானவள், மணமாகாதவள், கணவனை இழந்தவள், விட்டுப்போனவனுக்காகக் காத்திருப்பவள் எல்லோருக்கும் ஒரே சொல், வீட்டை ஆள்பவள்.

எம்மிடமும் சொற்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் தெருவால் போகிற முதிய பெண் யாராக இருந்தாலும் 'ஆச்சி'. பழந்தமிழில் 'ஔவை' என்பதே முதிய பெண்ணுக்கான மதிப்புச் சொல்தான். மன்னாரில், வன்னியில், மட்டக்களப்பில், மலைநாட்டில் என்ன சொல்கிறீர்கள்? ஊரில் எல்லோரும் ஆலோசனை கேட்டுப் போகிற ஒரு மூத்த பெண் உங்களிடையே இருந்தால், அவரை என்ன முறை சொல்லி அழைக்கிறீர்கள், அந்தச் சொல் எப்படி வந்தது என்று அவரிடமே கேட்டு ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். அவர் பெயரை எழுத வேண்டாம், சொல் மட்டும் போதும். வந்தவற்றைத் தொகுத்து வரும் இதழொன்றில் இதே பக்கத்தில் தருகிறேன்.